என் அறைக்கு மாற்றிய மணி

ஆடித் தள்ளுபடியை ஏமாற்று வேலை என்று சொல்கிறவர்கள் ஜவுளிக்கடை நடத்திப் பார்த்ததில்லை சார். மற்ற மாதங்களில் ஈ ஓட்டிவிட்டு அந்த ஒரு மாதத்தில்தான் நாங்கள் மூச்சு விடுகிறோம். கல்யாண வீட்டார் கூறைப்புடவையை ஆடியில் எடுக்க மாட்டார்கள். ஆனால் சம்பந்திக்கு, நாத்தனாருக்கு, ஊர் உறவுக்கு என்று மிச்சம் எல்லாவற்றையும் ஆடியிலேயே அள்ளிக்கொண்டு போவார்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அந்த வெள்ளிக்கிழமை நான் நடந்துகொண்டது உங்களுக்கு விளங்காது.

கடை அப்பா காலத்துக் கட்டடம். கீழே வியாபாரம், மாடியில் தையல், நடுவில் ஒரு மரப்படி. பின்பக்கம் இன்னொரு படி உண்டு. அதில் ஆடிச் சரக்கை அடுக்கிவிடுவோம், வேறு இடம் ஏது? மாடிக்குப் பொறுப்பு என் அக்கா தனக்கொடி. அத்தான் போன பிறகு எங்களோடுதான் இருந்தாள். எனக்குச் சோறு ஊட்டி வளர்த்தவள். மாடியில் தைக்கிற பெண்கள் என் பேச்சைவிட அவள் பேச்சைத்தான் கேட்பார்கள்.

கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் எரிந்த பிறகு எல்லோருக்கும் தீயைப் பற்றி ஞானம் வந்துவிட்டது. லைசென்ஸ் புதுப்பிக்கப் போனால் ஃபயர் அலாரம் இருக்கிறதா என்று கேட்டார்கள். வீட்டுக்கு வந்தால் அக்கா கேட்டாள்.

"மேல நாங்க இருக்கறோம்டா. கீழ ஏதாவது பத்திக்கிச்சுன்னா எங்களுக்கு யாரு வந்து சொல்லுவா?"

லூதோவிக் என்று ஒருவர். அவருடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், இவர் பாரிசில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து அலாரம் மாட்டுகிற தொழிலைப் போட்டிருந்தார். கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு கொட்டேஷன் கொடுத்தார். மூன்று லட்சத்துச் சொச்சம். எனக்குக் கண்ணைக் கட்டியது. பக்கத்துக் கடைக்காரர் கூரையில் வெறும் பிளாஸ்டிக் மூடிகளை மட்டும் ஒட்டி, உள்ளே ஒயர்கூட இல்லாமல் லைசென்ஸ் வாங்கிவிட்டார். நான் அப்படிச் செய்யவில்லை சார். உண்மையானதையே வாங்கினேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"வெல ஒரு தடவதான் முசே. அப்புறம் நிம்மதியா தூங்கலாம்," என்றார் லூதோவிக். பிரெஞ்சுப் பழக்கம், எல்லோரும் அவருக்கு முசேதான்.

நல்ல மனுஷர், ஆனால் வியாபாரம் தெரியாதவர். அலாரத்தின் விலை கொட்டேஷனில் இல்லை. அது ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் ஆகிற செலவுதான் அதன் விலை.

எங்கள் கடையில் வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணி போடுவது வழக்கம். வீராம்பட்டினத்திலிருந்து வருகிற சின்னப்பாப்பா தணலை ஊதிக்கொண்டு கல்லாவில் தொடங்கி, மரப்படிக்கு அடியில் இருக்கிற சரக்கறை வரைக்கும் காட்டிவிட்டு மாடிக்கு ஏறுவாள். அலாரம் மாட்டிய முதல் வெள்ளிக்கிழமையே ஊரைக் கூட்டியது. வாடிக்கையாளர்கள் கையில் இருந்த புடவையோடு தெருவுக்கு ஓடினார்கள். பாதிப் பேர் திரும்பி வரவில்லை, சில புடவைகளும் வரவில்லை. மாடியிலிருந்து பெண்கள் தடதடவென்று இறங்கியதில் வசந்தா என்கிற தையல்காரிக்குக் கால் பிசகியது. அடுத்த வெள்ளியும் அதே கூத்து.

சாம்பிராணியை நிறுத்தலாம் என்றேன். அக்கா காதைப் பொத்திக்கொண்டாள். வெள்ளிக்கிழமை புகை காட்டாத கடையில் லட்சுமி எப்படித் தங்குவாள் என்று கேட்டாள். புகைக்கு அடிக்காமல் சூட்டுக்கு மட்டும் அடிக்கிற கருவி இருக்கிறது, மாற்றித் தருகிறேன் என்றார் லூதோவிக். அதற்குத் தனி விலை. இந்தப் பக்கம் லைசென்ஸ், அந்தப் பக்கம் மகாலட்சுமி, நடுவில் ஓடிப்போகிற வாடிக்கையாளர்கள். எங்கே திரும்பினாலும் சுவர்தான் சார். அந்தக் கடைக்குள் நான் எப்படி மாட்டிக்கொண்டு இருந்தேன் என்று யாரும் யோசித்ததில்லை.

அதனால் ஒரு வழி செய்தேன். மாடியிலும் கடையிலும் இருந்த மணிகளைக் கழற்றிவிட்டு, என் அறையில் மட்டும் ஒன்றை வைக்கச் சொன்னேன். லூதோவிக் ஒத்துக்கொள்ளவில்லை.

"மணி ஒங்களுக்கு இல்ல முசே, மேல இருக்கறவங்களுக்கு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தெரு எலக்ட்ரீஷியன் அரைமணியில் செய்துகொடுத்தான். புத்தியோடு செய்த காரியம் அது. அடித்தால் எனக்குத் தெரியும். சாம்பிராணி என்றால் அணைத்துவிடுவேன், நிஜம் என்றால் போய்ச் சொல்வேன். ஒரு ஆள் தெளிவாக இருந்தால் நாற்பது பேர் பயந்து ஓட வேண்டியதில்லை.

அக்காவிடம் சொன்னேன்.

"நீயே வந்து சொல்லுவ இல்ல?"

"நானே வந்து சொல்றேன்க்கா. நான் வர்ற வரைக்கும் யாரையும் எறங்க உடாத. திரும்பக் காலை ஒடச்சிக்கப் போறாளுங்க."

"சரிடா," என்றாள். அவளுக்கு என் பேச்சு வேதவாக்கு.

ஒரு வருஷம் ஒரு குறையும் இல்லை. வெள்ளிக்கிழமை மணி அடிக்கும், அணைப்பேன். முதலில் மாடிக்குப் போய், வருகிற புகை சாம்பிராணிதான், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். பிறகு படியின் கீழே நின்று கையைக் காட்டினேன். அப்புறம் அதுவும் தேவைப்படவில்லை. நான் வராததே ஒன்றுமில்லை என்பதற்கு அடையாளம் என்று பெண்களுக்குப் பழகிவிட்டது.

இனி அந்த வெள்ளிக்கிழமை. வீராம்பட்டினத்தில் தேர். ஊரே அங்கே போகிற நாள். கடையில் வேலை பார்க்கிற பெண்கள் எல்லோரும் லீவு கேட்டார்கள். ஆடிக் கடைசி, ரவிக்கைகள் மலையாகக் குவிந்திருந்தன. ஒருத்திக்கு மட்டும் கொடுத்தேன், மற்றவர்களுக்கு அடுத்த வாரம் என்றேன். அக்காவுக்கும் தேர் பார்க்க ஆசைதான். நான் வேண்டாம் என்றதும் உட்கார்ந்துவிட்டாள்.

கடையில் நல்ல கூட்டம். அரியாங்குப்பத்திலிருந்து ஒரு கல்யாண வீடு, குடும்பத்தோடு வந்து மெத்தை முழுக்கப் புடவையைப் பரப்பியிருந்தார்கள். ஆவணியில் முகூர்த்தம். அந்த ஆடியில் அவ்வளவு பெரிய வியாபாரம் எனக்கு வந்ததில்லை. எடுத்து முடித்து பில் போடச் சொன்ன நேரத்தில்தான் என் அறையில் மணி அடித்தது. எந்த இடம் என்று காட்டுகிற பேனலில், மரப்படி அடியில் இருக்கிற சரக்கறைக்கான சின்ன விளக்கு எரிந்தது. நான் மணியை அணைத்தேன்.

முதலில் உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்தில் சாம்பிராணி என்று நினைத்தேன் என்று சொல்லியிருந்தேன். வெள்ளிக்கிழமைதானே, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நேற்று சின்னப்பாப்பா வந்து உங்களிடம் அழுதாளாமே. வாஸ்தவம்தான். நான் லீவு கொடுத்த ஒருத்தி அவள்தான். தேருக்குப் போகிறேன் என்று காலையில் வீட்டுக்கே வந்து கேட்டாள், சாமி காரியம் என்று அனுப்பிவைத்தேன். அன்று கடையில் சாம்பிராணி போட ஆள் இல்லை. மணியை அணைக்கும்போது அது எனக்குத் தெரியும்.

ஆனால் நான் நிதானமாகத்தான் இருந்தேன் சார். சத்தம் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும், நீங்களே சொல்லுங்கள். மேலே இருந்து பெண்கள், கீழே கைக்குழந்தையோடு வாடிக்கையாளர்கள், ஒரே வாசல். மிதிபட்டே செத்திருப்பார்கள். அதனால் கல்லாவுக்குப் போனேன். கல்யாண வீட்டுப் பெரியவரிடம் சிரித்துப் பேசி பில்லை முடித்தேன். பைகளை நானே வாசல்வரை எடுத்துக் கொடுத்தேன். பெரியம்மா ஒருத்தர் துணி கருகுகிற வாசனை வருதே என்றார். இஸ்திரிப் பெட்டி என்றேன். பிறகு மற்றவர்களிடம் கரண்ட் கோளாறு, கொஞ்சம் வெளியே இருங்கள் என்று சொல்லி ஒவ்வொருவராக அனுப்பினேன். ஷட்டரைப் பாதி இறக்கினேன், கூட்டத்தில் யாராவது சரக்கைத் தூக்கிக்கொண்டு போய்விடக்கூடாது இல்லையா? ஒரு வாடிக்கையாளருக்கும் ஒரு கீறல் இல்லை. பேப்பரில்கூட அதைப் போட்டிருந்தார்கள்.

அதற்கப்புறம் படிக்குத் திரும்பினேன். படி இல்லை. புகைதான் இருந்தது, அதற்குள் சிவப்பாக ஏதோ தெரிந்தது.

மாடியில் நடந்ததை வசந்தா ஆஸ்பத்திரியில் இருந்து சொன்னதாக நீங்கள்தான் படித்துக் காட்டினீர்கள். அவள் ஒருத்திதான் பின்படியில் இருந்த மூட்டைகள்மேல் ஏறிக் குதித்துத் தப்பியவள். புகை வந்ததும் பெண்கள் எழுந்திருக்கிறார்கள். அப்போது படி நன்றாகத்தான் இருந்திருக்கிறது, இறங்கியிருக்கலாம். அக்கா படி வாசலில் குறுக்கே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "ஒக்காருங்கடி. கீழ கல்யாணக் கூட்டம் நிக்கிது, ஏவாரத்தக் கெடுக்காதீங்க. ஏதாவதுன்னா எந்தம்பி வந்து சொல்லுவான்," என்றாளாம். கண் எரியத் தொடங்கிய பிறகும் அதையே சொன்னாளாம். அவளையும் சேர்த்து ஐந்து பேர்.

நீங்கள் அதைப் படித்தபோது நான் அழவில்லை என்று குறித்துக்கொண்டீர்கள். பார்த்தேன். எனக்கு வருத்தமில்லை என்று நினைக்காதீர்கள். ராத்திரி முழுக்க அந்த நாற்காலியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் வருகிற வரைக்கும் அக்கா கொஞ்சம் பொறுமையாக இருந்திருந்தால் போதும் என்று தோன்றியது. பிறகு யோசித்துப் பார்த்தால், அவள் பொறுமையாகத்தான் இருந்திருக்கிறாள்.

மணியை மாற்றச் சொன்னது நான். பின்படியை அடைத்தது நான். தீ என்று தெரிந்தே மணியை அணைத்தது நான். யாரும் என்னை மிரட்டவில்லை, அடிக்கவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் கீழே சேர்த்து எழுதுங்கள் சார். பில் முடிந்ததும் நான் மேலே போய்ச் சொல்லத்தான் இருந்தேன். அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். கொடுத்த வாக்கை நான் மீறியதே இல்லை.