பி பக்கத்தில் மிஞ்சிய மூன்று நிமிடம்

அறுபது நிமிடக் கசட் என்று உறையில் போட்டிருந்தாலும், பாட்டுகள் அந்த அறுபது நிமிடத்துக்கு ஒருபோதும் சரியாகப் பொருந்தி வருவதில்லை. பக்கத்துக்கு ஆறு ஏழு பாட்டுப் பதிந்தால் இரண்டு மூன்று நிமிட நாடா மிஞ்சும். இன்னொன்றைத் தொடங்கினால் பாதியில் நின்றுவிடும். கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருபத்திரண்டு வருடமாகப் பாட்டுப் பதிந்து கொடுக்கிற ரெக்கோடிங் பார் நடத்துகிற எனக்கு அந்த மிச்ச நாடாவைச் சும்மா விட மனம் வராது. வாடிக்கையாளர்கள் பாட்டுப் பெயர்களைத் தாளில் எழுதி, வெற்றுக் கசட்டோடு தந்துவிட்டுப் போவார்கள். அவர்கள் கேட்டதைப் பதிந்து முடித்து, மிஞ்சிய இடத்தில் எனக்குப் பிடித்த சின்னப் பாட்டு ஒன்றைப் போட்டுக் கொடுப்பேன். அருளப்பு அண்ணையின் கொசுறு என்று சொல்லுவார்கள்.

இராமர் என்ற பாட்டுக்காரனை ஆளாக்கியது அந்தக் கொசுறுதான். மட்டக்குளியில் ஒரு சவர்க்காரத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறவன் அவன். தகப்பன் தாய் மலையகத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள். தானே கட்டிய பதின்மூன்று பாட்டுகளைத் தெமட்டகொடையில் யாரோ ஒருவரின் அறையில் பாடிப் பதிந்துகொண்டு, தொண்ணூற்றிரண்டில் என் கடைக்கு வந்தான். வெள்ளவத்தையில் ஒரு கடையும் அதை வாங்கவில்லை. இந்தியப் படப்பாட்டுக் கிடைக்கிற ஊரில் இலுப்பைப் பூவை யார் சீண்டுவார்கள்? நான் மட்டும் அதைக் கடைசிவரை கேட்டேன். முடிந்ததும் திருப்பிப் போட்டு மறுபடியும் கேட்டேன். அப்படி ஒரு குரல்.

அன்றிலிருந்து எல்லாருடைய மிச்ச நாடாவிலும் இராமரைப் போட்டேன். முதலில் சண்டைக்கு வந்தார்கள்.

"என்ன அண்ணை, நான் எழுதித் தராத ஒருத்தன் கடைசியில நிண்டு பாடுறான்?"

மூன்று மாதம் போனதும் அதே ஆட்கள் திரும்பி வந்து, "அந்தக் கடைசிப் பாட்டுக்காரன்ட முழுக் கசட் இருக்கோ?" என்று கேட்டார்கள். பிறகு கிராண்ட்பாஸ் கலியாணம், கோயில் திருவிழா என்று அவனுக்கு அழைப்பு வந்தது. எந்த மேடையிலும் பாடுவதற்கு முன், "அருளப்பு அண்ணே இல்லன்னா நான் இல்லீங்க" என்று சொல்லித்தான் தொடங்குவான். அதைக் கேட்பதற்காகவே நான் போவேன். எனக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை. அந்த ஒரு வசனம் இருந்தது.

பிறகு சீடி வந்தது. ஒரு தட்டில் பத்துப் பாட்டு என்றார்கள், அடுத்த வருடமே நூற்றைம்பது என்றார்கள். ஒருவரும் தாளில் பாட்டு எழுதிக்கொண்டு வருவதில்லை. சீடியில் மிச்சம் என்று ஒன்றும் இல்லை. மிச்சம் இருந்தாலும் பிடிக்காத பாட்டை ஒரு விரலால் தாண்டிப் போய்விடலாம். என் கொசுறை நம்பியிருந்த சின்னப் பாட்டுக்காரர்கள் இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். ஒருவர் ஆட்டோ ஓட்டப் போனார், ஒருவர் துபாய்க்குப் போனார், மற்ற இருவரும் எங்கே என்று எனக்குத் தெரியாது. இராமருக்கு மட்டும் அதிர்ஷ்டம் இருந்தது.

வெள்ளவத்தைக் கலியாணம் ஒன்றில் பாரிஸ் கடைக்காரர் ஒருவர் அவன் பாடியதைக் கேட்டிருக்கிறார். சீடியாக அடித்து பாரிஸ், லண்டன், டொரன்டோ எல்லாம் விற்கலாம், ஆளையும் அங்கே கூப்பிடலாம் என்றாராம். வெள்ளவத்தை லொட்ஜில் தங்கியிருந்த அவருடைய உறவினர் வியாழக்கிழமை விமானம் ஏறுகிறார். அவர் கையில் அந்தக் கசட்டின் நல்ல கொப்பி ஒன்றைக் கொடுக்க வேண்டும். இது நடந்தது இரண்டாயிரமாம் ஆண்டு மார்ச்சில்.

"சுத்தமா ஒண்ணு அடிச்சுத் தாங்கண்ணே," என்றான். "இனிமே கட கடயா அலைய வேணாமாம். பாட்டு தானாவே ஒலகம் பூரா போயிருமாம்."

"ஓம் தம்பி, நல்ல விஷயந்தானே," என்றேன்.

கடை கடையாக என்று சொன்னான். என்னிடம் வந்த பிறகு எட்டு வருடத்தில் அவன் ஏறி இறங்கிய கடை என்னுடையது ஒன்றுதான். எனக்குக் கோபம் வரவில்லை. பயம் வந்தது.

மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வேலையைத் தொடங்கினேன். ஸ்பிரிட் போட்டு ரெக்கோடரின் ஹெட்டைத் துடைத்தேன். புது நாடா எடுத்தேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு கொப்பி அடித்ததில்லை. உறைக்குள் வைக்கும் அட்டையில் பதின்மூன்று பாட்டுகளின் பெயர்களையும் அழகாக எழுதினேன். பி பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட மிஞ்சியது. நாற்பது செக்கன் சத்தமில்லாமல் ஓட விட்டு, அதன் பின், வடக்கில் சண்டை பிடிக்கிற, தடைசெய்யப்பட்ட இயக்கத்தின் பாட்டு ஒன்றைப் பதிந்தேன். வெளிநாடு போக வந்து லொட்ஜில் தங்கியிருந்த வேறொருவர் முன்பு பக்திப்பாட்டு உறையில் போட்டுத் தந்துவிட்டு, திரும்பி வராமல் போன கசட்டில் அது இருந்தது. அதை அப்போதே கடலில் எறிந்திருக்க வேண்டும். நான் எதையும் எறிகிறவன் இல்லை.

மறுநாள் இராமர் வந்து கேட்டுப் பார்த்தான். கடைசிப் பாட்டு முடிந்ததும் நானே நாடாவை நிறுத்தினேன்.

"கண்ணாடி மாதிரி இருக்குண்ணே," என்று இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்தான்.

அவன் பஸ் ஏறியதும் தெருமுனையில் காசுக்குத் தொலைபேசி பேசுகிற கொமியூனிகேஷனுக்குப் போய்ப் பொலிசுக்கு அழைத்தேன். சிங்களத்தில் பேசினேன், பெயர் சொல்லவில்லை. எந்த பஸ், என்ன நிறப் பை என்று சொன்னேன். கசட்டில் பி பக்கத்தைக் கடைசிவரை போட்டுப் பார்க்கச் சொன்னேன்.

கசட் போகாமல் தடுக்கத்தானே செய்தாய் என்று நீங்கள் எனக்காகப் பரிந்து பேசலாம். வேண்டாம். அதற்கு ஒரு மங்கலான கொப்பி போதும். ஆனால் அவன் இன்னொன்று கேட்டு வருவான், அதற்கடுத்ததும் கேட்பான். போகாமல் இருக்க வேண்டியது அவன்தான். எண்பத்திமூன்றுக் கலவரத்திலும் இந்த நகரத்தில் இருந்தவன் நான். பையில் அந்தப் பாட்டோடு பிடிபட்டவனை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

அன்றே பஸ்ஸில் அவனைப் பிடித்த பொலிசார் கடைக்கு வந்தபோது அட்டையைக் காட்டி, இது உன் எழுத்தா என்று கேட்டார்கள். ஆமாம், பதிந்ததை எழுதியிருக்கிறேன், பதின்மூன்றுதான் என்றேன். நான் ஊற்றிக் கொடுத்த பால் விடாத பிளேன்ரீயைக் குடித்துவிட்டுப் போனார்கள். மட்டக்குளியில் அவன் வீட்டிலிருந்த கசட்டுகள் எல்லாவற்றையும் ரேடியோவோடு அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

அவனைப் பிடித்து ஒன்றரை வருடம் ஆகிறது. போன வாரம் அவனுடைய வழக்கறிஞர் செலீன் கடைக்கு வந்தார்.

"இது பழைய நாடாவா இருந்திருக்கலாம், முந்திப் பதிஞ்சது அழியாம நிண்டிருக்கலாம் எண்டு நீங்க ஒரு சத்தியக்கடதாசி தந்தா போதும். ஆளை வெளியில எடுத்திடலாம். உங்களுக்கும் பெரிசா ஒண்டும் வராது."

"என்ட கடையில பழைய நாடா பாவிக்கிறதில்லை, மிஸ்," என்றேன்.

அது உண்மை. சத்தியம் செய்து பொய் சொல்லுகிற பழக்கம் எனக்கு இல்லை.

மாதத்துக்கு ஒரு முறை அவன் மனைவி பாக்கியலெட்சுமியைச் சிறைக்குக் கூட்டிப்போகிறவன் நான்தான். பிஸ்கட், சவர்க்காரம் எல்லாம் வாங்கிக்கொண்டு போவேன். பொலிஸ் பிடித்துப் போன முதல் வாரத்தில் அவன் தொண்டையில் ஏதோ செய்துவிட்டார்கள். இப்போது பேசினால் காற்றுத்தான் வருகிறது. கம்பிவலைக்கு அப்பால் நின்று, "மன்னிச்சிருங்கண்ணே, என்னால ஒங்க கடப் பேரும் கெட்டுப்போச்சு" என்றான். பரவாயில்லை தம்பி என்று சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

நேற்றுப் பாக்கியலெட்சுமி நான்கு வயது மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளைக்கு அப்பன் பாடியது நினைவில்லையாம், ஒரு கசட் தர முடியுமா என்று கேட்டாள். அவன் பாடியதெல்லாம் இப்போது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. இருக்கச் சொல்லி ஒன்று அடித்துக் கொடுத்தேன். முதல் பாட்டை அங்கேயே போட்டுக் காட்டினேன். பிள்ளை ஸ்பீக்கருக்குப் பின்னால் போய்ப் பார்த்தது. பாக்கியலெட்சுமி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"நீங்க மட்டும் இல்லன்னா அவரு கொரலு இந்த ஒலகத்துலயே இருந்திருக்காதுண்ணே," என்றாள்.

அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அந்தப் பாரிஸ்காரன் அவனை இவ்வளவு பத்திரமாக வைத்திருப்பானா?