கோட்டுக்கு மேலே ஆயில்

— எஞ்சின்ங்கறது ஒரு உயிர், கண்ணு. அதோட மூச்சைக் கேட்டே நோயைச் சொல்ற ஆளு இந்தக் குடும்பத்துல நான் ஒருத்தன்தான். முப்பது வருஷம் மோட்டார் கம்பெனியில சும்மாவா இருந்தேன்?

— அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன்ல இருந்தீங்கப்பா. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, புகையில உங்க முகமே தெரியல.

— எந்த செக்‌ஷனா இருந்தா என்ன? ஒரே கேட்டு, ஒரே கேன்டீன். என் சர்வீஸ்ல இப்படிப் புகை வந்தா ஒரே அர்த்தம்தான். எஞ்சினுக்குக் காத்து ஊதற டர்போ காலி.

— டெக்னிக்கலா பார்த்தா டர்போ இல்ல மாமா. பிஸ்டன் ரிங். இருங்க, இன்னொரு தடவை வீடியோ எடுத்துக்கறேன். நான் பார்த்த சேனல்ல அச்சு அசல் இதே புகை.

— மாப்ளே, நேத்து ஆயில் மாத்தறேன்னு நீங்க கையுறை மாட்டினப்பவே எனக்கு நெஞ்சு திக்குன்னுச்சு. பெரிய ஆபரேஷன் டாக்டர் மாதிரி நின்னீங்க. இப்பப் பாருங்க, பேஷன்ட் வாயில நுரை தள்ளுது.

— வாயில இல்ல மாமா, வால்ல.

— ரெண்டு பேரும் நிறுத்துங்க. முதல்ல எஞ்சினை அணைங்க. அம்மா வர்ற ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கு. அப்பா, அம்மா போன்ல என்ன சொன்னாங்க?

— நானே கார் எடுத்துட்டு வந்து கூட்டிட்டுப் போனா வீட்டுக்கு வருவாளாம். இல்லேன்னா அப்படியே தங்கச்சி வீட்டுக்குத் திரும்பிடுவாளாம்.

— எதுக்குக் கோவிச்சுக்கிட்டுப் போனாங்கன்னு உங்க வாயாலயே சொல்லுங்க.

— அதை ஏன் இப்பக் கிளறுறே? வைப்பர் தண்ணி டப்பாவுல வழிய வழிய ஊத்தி வெச்சா. அளவு தெரியாதவன்னு ஒரு வார்த்தை சொன்னேன்.

— ஒரு வார்த்தையா? சொந்தக்காரங்களை ஒருத்தர் விடாம உட்கார வெச்சுச் சொன்னீங்க. மைக் கட்டாத குறை.

— டாக்ஸியில போயிடலாமே மாமா?

— 'கார் எங்கே'ன்னு கேட்பாளே! மாப்ளே கை வெச்சாரு, கெட்டுப்போச்சுன்னு சொல்லிடட்டுமா?

— நல்லா இருக்கே! கார் ஓடினா உங்க ராசி, ஓடலேன்னா என் கையா?

— என்னங்க, கத்தாதீங்க. நான் கேட்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. ஆயில் மாத்தறதுக்கு முன்னாடி புகை வந்துச்சா?

— ஒரு துளி வரல.

— அப்போ ஒரே ராத்திரியில டர்போவும் சாகல, ரிங்கும் தேயல. புகை நீலமா இருக்கு. ஆயில்தான் எரியுது. எவ்வளவு ஊத்தினீங்க?

— டப்பா மொத்தமும். அடியில கொஞ்சம்தான் மிச்சம் இருந்துச்சு, அதை வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு...

— கவுத்துட்டீங்க. சரி. கொஞ்சம் கூடினதுக்கா இவ்வளவு புகை? அப்பா, எதுக்கு அந்தப் பக்கம் திரும்பி நிக்கறீங்க?

— வெயில் கண்ணைக் கூசுது.

— வெயிலே இல்லப்பா.

— ...காலையில வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்தேன். மாப்ளே வேலையாச்சே, நம்பலாமான்னு ஆயில் அளவு பார்க்கற கம்பியை, அதான் டிப்ஸ்டிக்கை, உருவிப் பார்த்தேன். ஆயில் கோட்டுக்குக் கீழே இருந்துச்சு. ஷெட்டுல ஒரு ஆயில் பாட்டில் கிடந்தது...

— வண்டியை நிறுத்தின கையோட பார்த்தீங்களா?

— பின்னே? நாள் நட்சத்திரம் பார்த்தா உருவுவாங்க?

— எஞ்சின் ஓடினதும் ஆயில் மேலே எல்லாம் ஏறியிருக்கும்ப்பா. கீழே இறங்க நேரம் கொடுத்துட்டுத்தான் பார்க்கணும். இப்பப் பாருங்க. மேல் கோடு இங்கே. ஆயில் இங்கே.

— கம்பி பாதி நனைஞ்சிருக்கே!

— அடியில அவ்வளவு தேங்கினா டர்போவுக்குப் போன ஆயில் திரும்பி இறங்க வழியேது? சைலன்சர் பக்கமாப் பிச்சுக்கிட்டு வருது. டர்போ நல்லாத்தான் இருக்கு. நீங்க ரெண்டு பேரும்தான் போட்டி போட்டு அதுக்கு ஊட்டி விட்டிருக்கீங்க.

— டெக்னிக்கலா பார்த்தா, இதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

— வாயை மூடிக்கிட்டு கீழே படுங்க, கூடின ஆயிலை இறக்கணும். போல்ட்டை முழுசாக் கழட்டாதீங்க, லூஸ் பண்ணுங்க போதும். அப்பா, தட்டை நகர்த்துங்க. இன்னும் கொஞ்சம்... இறுக்குங்க! இறுக்குங்க!

— கண்ணுல பட்டுடுச்சு!

— கண்ணாடி போட்டிருக்கீங்களே. அப்பா, இப்போ டிப்ஸ்டிக்.

— கோட்டுக்குச் சரியா நிக்குது கண்ணு! கோடு போட்ட மாதிரி நிக்குது!

— ஸ்டார்ட் பண்றேன். சைலன்சர்ல தேங்கினது எரிஞ்சு தீரணும், அதுவரைக்கும் யாரும் தத்துவம் பேசக்கூடாது.

— வருது... இன்னும் வருது... மெலிசாயிடுச்சு மாமா!

— மிதி கண்ணு, நல்லா மிதி!

— மிதிக்கறேன். வருதா?

— இல்ல! சொட்டுப் புகை இல்ல! பின்னாடி கை வெச்சுப் பார்த்தேன், சுத்தமான காத்து! அடி என் தங்கமே! ஒரு ஸ்பானர் கூடத் தொடாம கேள்வி கேட்டே புடிச்சுட்டியே!

— என் பொண்டாட்டி மாமா!

— என் பொண்ணு மாப்ளே! அப்புறம்தான் உங்க பொண்டாட்டி! ஹாரனை அடி கண்ணு, தெருவே கேக்கட்டும்!

— போதும்ப்பா, காதைப் பொத்திக்கறாங்க. ஏறுங்க, ரயிலுக்கு நேரம் சரியா இருக்கு.

— ஒரு நிமிஷம். ஒரு சின்ன விஷயம். அந்த பாட்டில் கதை அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். அளவு தெரியாதவன்னு அவளைச் சொல்லிட்டு, நானே... புரியுதில்ல? புகையைக் கண்டுபிடிச்சது நான்னு வெச்சுக்கலாம். ஊத்தினது மாப்ளே மட்டும்.

— மாமா!

— ரெண்டு மாசமாச் சண்டை போடக்கூட ஆளில்லாம வீடே வெறிச்சுன்னு கிடக்கு மாப்ளே. அவ வந்து உட்கார்ந்தாப் போதும். அப்புறம் எதையாவது சொல்லிச் சமாளிச்சுக்குவேன்.

— சரிப்பா, சொல்லல. என்னங்க, அந்த போனைப் பார்த்துக்கிட்டே நிக்கறீங்களே, ஏறுங்க.

— வீடியோவை ஓட்டிப் பார்த்தேன். மாமா, ஸ்டேஷனுக்குப் போக வேண்டாம்.

— ஏன், ரயில் லேட்டா?

— டெக்னிக்கலா பார்த்தா, முந்தின ரயில். புகை விலகற இடத்துல எதிர்வீட்டுப் படி தெரியுது. அத்தை முதல் வீடியோவுலேர்ந்தே பெட்டியோட அங்கேதான் உட்கார்ந்திருக்காங்க.