ஹோல்டுல போட்ட நேரம்

உக்காருடா தம்பி. செல்போன் கடைய யாரு பாத்துக்குறாங்க? பூட்டிட்டே வந்துட்டியா? அப்ப என்ன அவசரம், காபி குடிச்சுட்டுப் போகலாம். கழுத்துல மாட்டியிருக்கிற அந்த விசிட்டர் அட்டைய மட்டும் கழட்டிடாத. எங்க செக்யூரிட்டி என் தம்பின்னாலும் விட மாட்டாரு.

ஆமா, கண்ணு வீங்கித்தான் இருக்கு. ராத்திரி பூரா தூக்கமே இல்ல. அக்காவுக்கு ஃபைனான்ஸ் கம்பெனில ஏசி ரூம்ல வேலைன்னு ஊரெல்லாம் பீத்திக்கிறியே, என்ன வேலைன்னு என்னைக்காவது கேட்டிருக்கியா? ஒட்டுக்கேக்குற வேலைடா. கஸ்டமருங்க போன் பண்ணிப் பேசுறது மொத்தமும் பதிவாகுதில்ல, அத ஹெட்போன மாட்டிக்கிட்டு கேக்கணும். திட்டுறவங்க, கெஞ்சுறவங்க, அழுறவங்க... சாயங்காலம் வீட்டுக்குப் போனா உங்க மாமா பேசுறதுகூட இரைச்சலாத் தெரியும். சிரிக்காத.

இப்ப ஒரு வில்லங்கம் வந்திருக்கு. ரிட்டையரான வாத்தியார் ஒருத்தர், பொண்டாட்டி ஆபரேஷனுக்குன்னு எங்ககிட்ட பணம் போட்டு வச்சிருந்தார். யாரோ அவர் மாதிரியே போன்ல பேசி, அத்தனையும் வேற கணக்குக்கு மாத்திட்டான். மனுஷன் இங்க வந்து நின்னார் பாரு, கையில ஆஸ்பத்திரிச் சீட்டோட. அந்த போனை எடுத்துப் பேசினது, வேலைக்குப் புதுசாச் சேந்த ஒரு பொண்ணு. நீயும் உடந்தைதானேன்னு காலையிலேர்ந்து அவள மேல ஒரு ரூம்ல உக்கார வச்சு குடைஞ்சு எடுக்குறாங்க. வயித்துல புள்ள வேற. போலீஸ்ல ஒப்படைச்சுடுவோம்ங்குறாங்க. அவ ஒரு பாவமும் அறியாதவடா.

அதெப்படி, எனக்கென்னன்னு இருக்க முடியும்? அந்தப் பதிவக் கேட்டு ரிப்போர்ட் குடுக்க வேண்டியதே நான்தான்.

நல்லாத்தான் பேசியிருக்கான். மூச்சு வாங்குறதென்ன, இருமுறதென்ன, அடேயப்பா! பிறந்த தேதி, கணக்கு நம்பர், ஒண்ணுலயும் தப்பில்ல. மெசேஜ்ல வர்ற ரகசிய நம்பரக்கூட டக்குனு சொல்லிட்டான். அவர் போன் கையில இருந்தாத்தானே அது தெரியும்? வாத்தியாரக் கேட்டா, அன்னைக்கு டிஸ்ப்ளே உடைஞ்சதால போனை ரிப்பேருக்குக் குடுத்திருந்தேம்மாங்குறார். எந்தக் கடைன்னு நான் கேக்கல. 

காபி ஆறுது பாரு. ஏன் வாசலையே பாத்துட்டிருக்க?

நடுவுல அந்தப் பொண்ணு, ஒரு நிமிஷம் லைன்ல இருங்க சார்னு ஹோல்டுல போட்டா. மியூசிக் ஓடுது. அந்த நேரத்துல நாம பேசுறது யாருக்கும் கேக்காதுன்னு எல்லாரும் நினைச்சுக்குறாங்க. அந்தப் பொண்ணுக்குக் கேக்காது, வாஸ்தவம்தான். ஆனா பதிவு நிக்காதுடா. அது பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும். எத்தனை பேரு அந்த கேப்புல எங்கள அசிங்க அசிங்கமாத் திட்டி மாட்டியிருக்காங்க தெரியுமா?

உக்காரு. நான் இன்னும் முடிக்கல.

அந்த ஹோல்டு நேரத்துல பின்னாடி ஒரு பொம்பளக் குரல், என் கண்ணாடியப் பாத்தியா தங்கம்னு கேக்குது. இவனுக்கு இருமலெல்லாம் எங்க போச்சோ, சொந்தக் குரல்ல, ஃப்ரிட்ஜ் மேல இருக்கும் பாரும்மாங்குறான். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். இது வேற யாரோவா இருக்கட்டும்னு வேண்டிக்கிட்டே கேட்டேன்டா.

நேத்து நீ கடையில இருந்தப்ப வீட்டுக்கு வந்தேன். அம்மாகிட்ட பேச்சுவாக்குல, கண்ணாடி ஏதும் தொலைஞ்சுதான்னு கேட்டேன். ஆமாடி, ஃப்ரிட்ஜ் மேல வச்சுட்டு வீடெல்லாம் தேடினேன், தம்பிதான் கண்டுபிடிச்சுக் குடுத்தான்னு அவ்வளவு சந்தோஷமாச் சொன்னாங்க.

ரிப்போர்ட்ட அனுப்பிட்டுத்தான் உன்ன வரச் சொன்னேன். அதோ லிஃப்ட்லேர்ந்து வராரே, எங்க மேனேஜர். ஓடாதடா, நானும் கூட வரேன். மேல போனதும் மொதல்ல அந்தப் பொண்ண வீட்டுக்கு அனுப்பச் சொல்லு. அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்.