சாடியின் மறுபக்கம்

தலைவர் ஜுனைதீன் ஹாஜியார் அவர்களே, வாசகசாலை அன்பர்களே, மறைந்த ஓவியர் அப்துல் ரஸாக் அவர்களின் குடும்பத்தாரே!

அந்தச் சாடியின் மறுபக்கத்தில் என்ன இருந்தது? இந்த வாசகசாலையின் செயலாளராகிய எனக்கு விடை தெரியாது. இனி எவருக்கும் தெரியப்போவதில்லை.

நம் ஊரில் ரஸாக் அவர்களின் கை படாத கடைப் பலகை உண்டா? வெள்ளத்தில் அழிந்த பலகைகளைக் கேட்காமலே மறுபடி எழுதித் தந்தவர் யார்?

அவர் கடைசியாகத் தீட்டிய நீர்வண்ணப் படம் இதோ மேடையில் இருக்கிறது. சென்ற ஆண்டு, நிவித்திகலையில் ஹாஜியாரின் மாணிக்கக் குழியில் கிடைத்த பழஞ்சாடி. பச்சை மெருகு, தோளில் வரிசையாக நாரைகள். ஒன்று மட்டும் திரும்பிப் பார்க்கிறது. தாளின் மறுபாதி வெறுமை. சாடியின் அந்தப் பக்கம் களிமண் இறுகிக் கிடந்தது. ஈரத்துணி சுற்றி ஊறவைக்க இன்னும் ஒரு நாள் கேட்டார்.

குழியில் எது கிடைத்தாலும், அதில் பங்குள்ள பங்குக்காரர் எல்லோர் முன்னிலையிலும் திறந்து பார்ப்பது நம் வழக்கம். வாய் அடைத்த சாடி. உள்ளே மாணிக்கக் கல் இருந்தால்?

ஹாஜியார் சிரித்தார்: "சாடியப் பாக்க ரெண்டு நாளா? பொண்ணு பாக்கவும் இவ்வளவு நேரம் எடுக்கல்லயே நீங்க!"

"அதனாலதான் மொதலாளி, இந்த முறையாவது ஒழுங்காப் பாக்குறேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் படித்தவள் அல்லவா! "மறுபக்கமும் இதே நாரைகள்தான். ஒரு பக்கம் போதும்" என்றேன்.

"நீங்க பாத்தீங்களா, டீச்சர்?" என்றார் ரஸாக்.

நான் பார்க்கவில்லை. எதையும் ஆதாரமின்றி நம்பாதே என்று மாணவிகளுக்குச் சொல்பவள் நான். ஹாஜியாரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் என் சொல்லை நம்பினார். அந்தக் குற்றம் என்னுடையது.

படத்தைக் கொழும்புக் கண்காட்சிக்கு அனுப்புமுன் வேறொரு ஓவியரைக் கொண்டு மறுபாதியை நிரப்பலாம் என்று சிலர் சொல்கிறீர்கள். வேண்டாம்! அந்த வெறுமையை அப்படியே காப்போம். இனி நம் குழிகளில் எது கிடைத்தாலும், படம் முடியும்வரை உடைப்பதில்லை என்று உறுதி கொள்வோம்.

படத்தின் அடியில் அழகான வாசகமும் வேண்டாம். நடந்ததை மட்டும் எழுதுவோம்:

மறுநாள் காலையில் பங்குக்காரர் கூடிச் சாடியை உடைத்தார்கள். உள்ளே சேறு இருந்தது. தோண்டி முடிந்த குழியை உடனே மூடியபோது, உடைந்த ஓடுகளும் மண்ணோடு போயின. சற்றுப் பிந்தி ரஸாக் வந்தார். கையில் நனைத்த துணி இருந்தது.