ஓன்ஃப்ளூரில் பார்த்த ஆள்

பர்மாவில், போட்டாதாங் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில், கப்பல் வேலையிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒருவர் தன் தங்கையிடம் சொன்னார்:

“உன் புருஷன் சாகலம்மா.”

“என்னண்ணே சொல்றீங்க? கடல்ல விழுந்துட்டாருன்னு கருமாதியே பண்ணிட்டோமே!”

“பிரான்சுல ஓன்ஃப்ளூர்னு ஆத்தோரமா ஒரு பழைய ஊரு. எங்க கப்பல் அங்க நின்னப்ப சுத்திப் பாக்கப் போனேன். தெருவுக்குத் தெரு படம் வரையிறவங்கதான். அதுல ஒருத்தரு நம்ம மாப்பிள்ளை.”

அவள் முன்கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். “நிஜமா அவருதானா?”

“‘மாப்பிள்ளே’ன்னு கூப்பிட்டேன். சட்டுன்னு திரும்பிப் பாத்தாரு. ‘நீங்க யாருன்னே தெரியாது’ன்னாரு. அதையும் பர்மா பாஷையிலயே சொன்னாரு.”

அடுத்த நிறுத்தம் வந்ததும் அவள் கம்பியை விட்டாள். பிறகு, “பிள்ளைங்களுக்கு அவரு செத்தவராவே இருக்கட்டும்ணே,” என்றாள்.