தலைவருக்குத் தரைப்படை இல்லை

"தலைவர், தரைப்படை இறக்க உங்களுக்கு அனுமதியில்லை."

சிட்னியில் லிட்கம் நிலையம் தாண்டிய ரயிலில் இதைக் கேட்டதும் புத்தகத்தை மூடினேன்; ஒரு வாரமாக அதே பக்கம்தான். முன்னிருக்கையில் ஒரு முதியோர் சங்கத்தின் தலைவரும் செயலாளரும்.

"ஆயுதக் குழுவோட சண்டை பிடிக்கிற அமெரிக்க ஜனாதிபதிக்கே, தரைப்படை இறக்கக் கூடாதெண்டு அங்கத்த காங்கிரஸ் கட்டுப்பாடு வைக்கப் பாக்குது. அதைப் பாத்துத்தான் நானும் தீர்மானம் எழுதினனான்," என்றார் செயலாளர். "பிரிஞ்சுபோன கோஷ்டியோட மூண்டு மாசம் சண்டை பிடியுங்கோ. வாட்ஸ்அப்பில மட்டும். சனிக்கிழமை அவையின்ர டின்னருக்குள்ள போய்க் குழப்பக் கூடாது."

"ஐசே, சங்கத்தின்ர பேரையும் கொண்டு போட்டினம்! நான் சும்மா இருக்கிறதோ?"

"கமிற்றி பாஸ் பண்ணினா இருக்கத்தான் வேணும்."

"பாஸ் பண்ண எத்தினை பேர் வேணும்?"

"ஏழில நாலு."

"இப்ப எங்களிட்ட எத்தினை பேர்?"

செயலாளர் விரல் மடக்கினார். இரண்டோடு நின்றது. "மற்ற ஐஞ்சு பேரும் அங்கால போட்டினம்."

ரயில் பெட்டியே திரும்பிப் பார்க்கத் தலைவர் சிரித்தார். "அப்ப என்னைக் கட்டிப்போட அவையளின்ர வோட்டெல்லோ வேணும்!"

"ஓம்," என்றார் செயலாளர், தாளை மடித்தபடி. "சனிக்கிழமை டின்னரில எல்லாரும் இருப்பினம். ரெண்டு பேருமாப் போய்க் கேப்பம்."