இரண்டு கயிறுகளுக்கு நடுவே

மாலை ஏழு தாண்டியிருக்கும். கார்த்திகை மாதத்து இருட்டு. மைசூர் ரிங் ரோட்டிலிருந்து ஏரிப் பக்கம் திரும்பும் மண்சாலை... வீடு கிடையாது, கடை கிடையாது. அந்தச் சாலையில் ஸ்கூட்டரை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டே போனாள் ஒருத்தி. சத்தம் வரக்கூடாது. ஒருவரைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

அவள் பெயர் தீபா. என்னோடு வேலை பார்க்கும் மதனின் அக்கா. கொள்ளேகால் பக்கத்துப் பெண். கல்யாணமாகி மைசூருக்கு வந்தவள். மதன் இதைச் சொன்னபோது ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. நீங்களும் சிரிக்காமல் கேளுங்கள்.

அந்தச் சாலையின் முடிவில் ஓர் இயற்கைக் கல்வி மையம். பகலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து மரம், பறவை, பூச்சி எல்லாம் பார்ப்பார்கள். பின்பக்கம் ஊர்க்காரர்களுக்கான தோட்டம். அடுக்குமாடியில் மண்ணே இல்லாமல் இருப்பவர்களுக்கு ஆளுக்கொரு பாத்தி. பாத்திக்கும் பாத்திக்கும் நடுவே ஒரு நார்க்கயிறு, இரண்டு முளைக்குச்சி. அவ்வளவுதான் வேலி.

தீபாவின் பக்கத்துப் பாத்தி திருநாராயணன் என்பவருடையது. மேல்கோட்டைக் குடும்பம். காலேஜில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். தங்கமான மனிதர். அவள் ஊருக்குப் போனால் அவளுடைய தக்காளிக்கும் சேர்த்துத் தண்ணீர் ஊற்றுவார். அவள் பறித்த முதல் வெண்டைக்காய் அவர் வீட்டுக்குத்தான் போனது.

ஒருநாள் பார்த்தால்... கயிறு ஒரு சாண் உள்ளே வந்திருந்தது. தீபாவின் கொத்தமல்லி வரிசை கயிற்றுக்கு அந்தப் பக்கம் கிடந்தது.

பிள்ளைகள் இழுத்திருப்பார்கள் என்று சரிசெய்தாள். சில நாளில் மறுபடியும் அதே மாதிரி. அதோடு, அப்பால் புதிதாக இன்னொரு கயிறு. அவர்தான் கட்டியிருக்கிறார் என்று நினைத்தாள். வேறு யார்? பேச்சை நிறுத்தினாள். அவரும் நிறுத்தினார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதே அவளுக்குச் சாட்சியாகிவிட்டது.

கடைசியில் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பசவராஜிடம் போய்ச் சொன்னாள். அவர் தலையைச் சொறிந்தார். அன்று காலையில்தான் திருநாராயணனும் வந்து இதே புகாரைச் சொல்லிவிட்டுப் போனாராம். அவருடைய பாத்தியும் சுருங்குகிறதாம். அந்த இரண்டாவது கயிறு தீபா கட்டியது என்கிறாராம்.

பசவராஜ் டேப் வைத்து அளந்தார். இரண்டு பேரும் சொன்னது உண்மை. கயிறுகளுக்கு நடுவே யாருக்கும் சொந்தமில்லாத ஒரு துண்டு மண்... ஓர் ஆள் ஒருக்களித்துப் படுக்கும் அகலம். செடி இல்லை, களை இல்லை, ஒரு கல்கூட இல்லை. யாரோ தினமும் கொத்திப் பொடித்துப் போட்டதுபோல மண் மெத்தென்று இருந்தது.

தீபாவுக்கு இப்போது பசவராஜ் மேலும் சந்தேகம். வேண்டப்பட்டவர் யாருக்கோ நடுவில் இடம் பிடிக்கிறாரோ? அதனால்தான் அன்றைக்கு யாரிடமும் சொல்லாமல், கணவன் மனோஜ்குமாரிடம்கூடச் சொல்லாமல் கிளம்பினாள்.

பாத்திக்காரர்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்திருந்த சாவியால் சின்ன கேட்டைத் திறந்தாள். சாமான் ஷெட்டைச் சுற்றி நடந்தாள்.

சளக்... சளக்... ஈர மண்ணில் களைக்கொத்து இறங்கும் சத்தம். கூடவே ஒரு வாசனை. அப்போதுதான் தோண்டி எடுத்த பச்சை மஞ்சள் வாசனை. அந்தத் தோட்டத்தில் யாருமே மஞ்சள் போடவில்லை.

ஷெட் ஓரத்தில் ஓர் உருவம் குனிந்து நின்றது. கிட்டே போனாள். திருநாராயணன்.

"கடைசீல நீங்கதானுங்களா, சார்?"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். இரண்டு கையும் வெறுங்கை. வாயில் விரல் வைத்தார்.

"நான் ஒன்னைப் பிடிக்கத்தாம்மா வந்தேன்," என்றார் மெதுவாக. "அங்க கொத்திண்டிருக்கறது நீன்னு நெனைச்சேன்."

சளக்... சளக்... சத்தம் நிற்கவே இல்லை.

தீபா போன் வெளிச்சத்தைப் போட்டாள். ஆள் இல்லை. களைக்கொத்தும் இல்லை. அந்த நடுத்துண்டில் மட்டும் மண் கட்டி கட்டியாகப் புரண்டு விழுந்துகொண்டிருந்தது. வெளிச்சம் பட்டதும் நின்றது. பிறகு தீபாவின் பக்கத்து முளைக்குச்சி, ஆடுகிற பல்லைப் பிடுங்குவதுபோல, அசைந்து அசைந்து மேலே வந்தது. ஒரு சாண் தள்ளிப் போய் இறங்கியது. கயிறு விறைத்தது. அப்புறம் அவர் பக்கத்துக் குச்சி...

இப்போது அந்த இடத்தில் ஓர் ஆள் மல்லாந்து படுக்கலாம்.

திருநாராயணன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். திரும்பி ஓடவில்லை. பார்த்துக்கொண்டே பின்னால் நடந்து கேட் வரைக்கும் வந்தார்கள். மண்சாலையில் வைத்து, தப்பாக நினைத்துவிட்டேன் சார் என்று அழுதாள். மறுநாள் இருவரும் சாவியைத் திருப்பிக் கொடுத்தார்கள். மையத்தில் அந்தப் பகுதியை அடைத்துவிட்டார்கள். அங்கே முன்பு என்ன இருந்தது என்று மதன் விசாரித்திருக்கிறான். வெறும் புல்தரை என்றார்களாம்.

வீட்டில் தீபா எதையும் சொல்லவில்லை. கொஞ்ச நாளாகத் தூக்கத்தில் மனோஜ்குமார் தன்னை நெருக்கித் தள்ளுவதாக அவளுக்குப் பட்டது. அதையும் சொல்லவில்லை. ஒரு ராத்திரி தொம்மென்று சத்தம். கட்டிலிலிருந்து விழுந்தது அவன். எரிச்சலோடு எழுந்தான்.

"எதுக்குத் தெனமும் என்னைத் தள்ளுற? நகந்து படு."

தீபா சுவரோடு சுவராக முதுகை ஒட்டிப் படுத்திருந்தாள். கண் திறந்துதான் இருந்தது. இருட்டில் அவன் குனிவது தெரிந்தது. முனகிக்கொண்டே, தன் பக்கத்தில் படுத்திருந்தவளை இரண்டு கையாலும் பிடித்துச் சுவர்ப் பக்கம் நகர்த்தினான்.

அவன் கை தீபாவின் மேல் படவே இல்லை.